பாய் விரித்த களம்

நுழையும்முன்

ஆடலைக் காணும் கூட்டத்தில் குழந்தைக்கு எந்த இடம்? பெரியவர் மடியிலா, மேடையின் மேலா, அன்றித் தனியே அமைத்த அரங்கிலா? இரவு முழுதும் நிகழும் தெருக்கூத்தையும், ஒரு மணி நேரத்திற்குள் நிறைவுறும் தற்கால நடனத்தையும் அருகருகே வைத்து, கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் களமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

கூத்தர் நடந்த நிலம்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளால் ஆனது. செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு, இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இதனைப் பாடினார். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனை ஆற்றுப்படுத்தும் முறையில் அமைந்ததால் இதற்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. செங்கண்மா இன்று செங்கம் என வழங்குகிறது. அதற்குத் தெற்கே எழுந்து நிற்பது கல்வராயன் மலை.

அந்நூலில் வரும் கூத்தர் தனித்துச் செல்பவர் அல்லர். இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுக் கட்டிச் சுமந்து, விறலியர் உள்ளிட்ட சுற்றத்துடன் மலைவழியே நடக்கின்றனர். எங்கே பாறை வழுக்கும், எங்கே பாம்பு உறையும், எந்தச் சிற்றூரில் உணவு கிடைக்கும் என்பனவெல்லாம் அவர்களுக்குச் சொல்லப்படுகின்றன. மலையில் எழும் பல்வகை ஓசைகளும் அடுக்கி உரைக்கப்படுகின்றன. அருவியின் ஒலி, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, தேனெடுக்கும் கானவரின் ஆரவாரம், மான்தோல் போர்த்த சிறுபறை முழங்க ஆடும் குரவை என நீளும் அப்பகுதியைப் படிக்குந்தோறும் கண்ணைவிடக் காதே மிகுதியாக வேலை செய்வதை உணரலாம்.

இந்நிலத்தின் ஒரு பகுதியே இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கெல்லையில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை விரிந்துள்ளது. மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு முதலிய ஊர்களில் வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தவர் எனக் கருதிவிடலாகாது. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்பது இவர்களிடையே வழங்கும் கதை. சாமையும் தினையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளைவித்தல், கடுக்காயும் தேனும் திரட்டுதல் ஆகியன இவர்களின் தொழில்கள். ஜாகிர்தார்களின் பிடியில் நெடுங்காலம் இருந்த இம்மலை, 1976இல்தான் அரசின் நேரடி நிருவாகத்துக்குள் வந்தது. சாலையும் பள்ளியும் இங்கே காலந்தாழ்ந்து வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆட்டம் அவ்வாறு காலந்தாழ்ந்து வந்தது அன்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளில் வாழும் மலையாளி மக்களிடையே சேர்வையாட்டம் முதலிய குழு ஆட்டங்கள் வழிவழியாக வழங்கிவருகின்றன.

கூத்துக்களத்தில் குழந்தை

மலையடிவாரத்திலிருந்து கிழக்கே செல்லச் செல்லத் தெருக்கூத்தின் நாடு தொடங்குகிறது. பழைய தென்னார்க்காடு மாவட்டப் பகுதி முழுவதும் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களோடு பாரதக் கூத்து பிணைந்துள்ளது. உளுந்தூர்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகத்தில் சித்திரைத் திங்களில் 18 நாள் நிகழும் கூத்தாண்டவர் விழா, பாரதப் போருக்குமுன் களப்பலியான அரவானின் கதையை மையமாகக் கொண்டது. தெய்வத்தின் பெயரிலேயே கூத்து என்னும் சொல் ஒலிப்பது நம் கருத்தைக் கவர்கிறது.

கூத்துக்களத்தின் அமைப்பை நோக்குவோம். உயர்ந்த மேடை இல்லை. ஊர்ப் பொதுவிடத்தில் மூன்று பக்கமும் மக்கள் அமர, ஒரு பக்கம் இசைக்கலைஞர்க்கு ஒரு விசுப்பலகை. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் ஆகியன ஒலிக்கின்றன. இரவுணவு முடிந்தபின் வீட்டிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து குடும்பம் குடும்பமாக விரிக்கிறார்கள். முன்வரிசை சிறுவர்க்கு உரியது; அதனை யாரும் விதித்ததில்லை, மறுத்ததும் இல்லை. பாட்டி ஒரு தூணில் சாய்கிறாள். கைக்குழந்தை உறங்குகிறது. விடியும்வரை நிகழும் ஆட்டத்தில் யார் எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்பது அவரவர் விருப்பம். போர்க்களக் காட்சியில் தாளம் மிகும்போது உறங்கிய சிறுவன் தானாகவே எழுந்து உட்காருகிறான்.

இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் வேடம் வந்து நிற்கிறது. முதலில் தெரிவது சலங்கை கட்டிய கால். பிறகு திரைக்குமேலே கிரீடத்தின் நுனி. பாடல் வளர்கிறது; முகம் இன்னும் தெரியவில்லை. திரை விலகும்போது, அகன்ற புஜக்கட்டையும் ஒளிரும் மார்புப் பதக்கமும் உயர்ந்த கிரீடமும் அணிந்த பேருருவம் சுழன்று வெளிப்படுகிறது. எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் வண்ணத்தாளும் ஒட்டிச் செய்யப்பட்ட அணிகலன்கள் அவை. நேற்றுவரை ஏர் பிடித்த மனிதர் இன்று துரியோதனனாக நிற்பதைச் சிறுவர் வாய்திறந்து காண்கின்றனர்.

இக்களத்தில் குழந்தைக்கு உற்ற துணைவன் கட்டியங்காரன். அரசனிடமே பெயர் கேட்பான்; செய்யுளில் பாடப்பட்டதை ஊர்ப்பேச்சில் திருப்பிச் சொல்வான்; போரின் நடுவே நகைச்சுவை செய்வான். விருத்தத்தின் பொருள் விளங்காத சிறுமியும், காது மந்தமான முதியவரும் அவனால் கதையோடு சேர்ந்துகொள்கின்றனர். குழந்தைகளுக்கென்று தனியே ஒரு கதையைக் கூத்து செய்ததில்லை. ஒரே ஆட்டத்துக்குள் பல வயதினர்க்குரிய வாயில்களை அமைத்தது. எட்டு வயதில் கட்டியங்காரனுக்காகக் கூத்துப் பார்த்தவர் நாற்பது வயதில் கர்ணனுக்காகப் பார்க்கிறார். அறுபதில், மகனைப் பலிகொடுக்க இசையும் அருச்சுனனின் நிலை அவருக்கு விளங்கக்கூடும்.

இங்கே ஒரு வினா எழலாம். பலியும் துகிலுரிதலும் போரும் நிறைந்த கதைகளைச் சிறுவர் காணலாமா? விழா இறுதியில் களிமண்ணால் ஆன துரியோதனனின் பேருருவைத் தரையில் கிடத்திப் படுகளம் நிகழ்த்தும்போதும் சிறுவர் அங்கேதான் நிற்கின்றனர். அவர்கள் அஞ்சாமல் இல்லை. ஆனால் தாயின் தோளைப் பற்றிக்கொண்டு அஞ்சுகின்றனர். அருகில் அமர்ந்த அனைவரும் அதே நேரத்தில் அஞ்சுவதையும் காண்கின்றனர். தனியறையில் கைபேசித் திரையில் ஒரு கொடுங்காட்சியைக் காணும் குழந்தைக்கு இத்துணை வாய்ப்பதில்லை.

மேடையேறிய சிறுவர்

தமிழ் மேடையில் சிறுவர் நெடுங்காலமாக உள்ளனர். ஆனால் சிறுவர்க்கான மேடை அண்மைக்காலத்தில்தான் எழுந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகள் (1867–1922), 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். ஔவை தி.க. சண்முகம் உள்ளிட்ட டி.கே.எஸ். சகோதரர்கள் அச்சபையில் வளர்ந்தவர்களே. பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்த இத்தகைய குழுக்களில் பத்து வயதுச் சிறுவர் அரசராகவும் அரசியாகவும் நடித்தனர். பார்த்தவர்கள் பெரியவர்கள், கதைகளும் பெரியவர்களுக்கு உரியவை. சிறுவரின் குரலும் உடலும் அங்கே கருவிகளாயின என்பதே உண்மை.

சிறுவரையே பார்வையாளராகக் கருதும் அரங்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றது. தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற பேராசிரியர் சே. இராமானுஜம் தமிழகத்தில் சிறுவர் நாடகத்தை ஒரு பயிற்சித் துறையாக வளர்த்தார். புதுச்சேரியைச் சேர்ந்த வேலு சரவணன், ‘ஆழி’ என்னும் குழுவை அமைத்துக் ‘கடல் பூதம்’ முதலிய நாடகங்களைப் பள்ளிதோறும் கொண்டுசென்றார். அவருடைய நாடகங்களில் சிறுவர் வெறுமனே அமர்ந்து காண்பவர் அல்லர். கூவியும் பாடியும் ஆட்டத்துக்குள் வந்துவிடுவர். இலங்கையில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’, சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ ஆகியன இவ்வழியில் குறிப்பிடத்தக்கவை.

கூத்தையே சிறுவர் கையில் ஒப்படைத்த முயற்சி ஒன்றும் உண்டு. பத்து வயதிலேயே கூத்தாடத் தொடங்கிய பெருங்கட்டூர் இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்திற்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002இல் கட்டைக்கூத்துக் குருகுலத்தை நிறுவினர். பள்ளிக்கல்வியை இழந்து கூத்தாடிய தம் இளமை பிற சிறுவர்க்கு வாய்க்கலாகாது என்பது இராஜகோபாலின் எண்ணம். எனவே பாடநூற் கல்வியும் கூத்துப் பயிற்சியும் அங்கே ஒருங்கே அளிக்கப்பட்டன. ஆண்களே ஆடிவந்த கூத்தில் சிறுமியரும் பயின்று மேடையேறினர். 2020இல் குருகுலம் மூடப்பட்டாலும், கட்டை அணிந்து களத்தில் சுழன்ற சிறுமியரைக் கண்ட ஊர்கள் அதனை மறந்திருக்க வாய்ப்பில்லை.

தற்கால நடனம் என்பது யாது?

மரபு நடனத்திற்கு வரையறுத்த அடவுகளும் முத்திரைகளும் உண்டு. அவற்றை அறிந்தவரே முழுப்பொருளை உணர்வர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாடுகளில் இசடோரா டங்கன், மார்த்தா கிரகாம் முதலியோர் அங்கிருந்த பாலே மரபின் கட்டுகளிலிருந்து விலகி, உடல் தன் இயல்பில் எவ்வாறு அசைகிறது என்னும் வினாவிலிருந்து ஆடலைத் தொடங்கினர். இந்தியாவில் உதயசங்கர் இவ்வழியில் முன்னோடி. அவருடைய ‘கல்பனா’ (1948) என்னும் நடனத் திரைப்படம் சென்னை ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் உருவானது என்பது நமக்குரிய செய்தி.

தமிழகத்தில் இவ்வகை ஆடலுக்கு அழுத்தமான வடிவம் தந்தவர் சந்திரலேகா (1928–2006). பரதநாட்டியத்தைக் கசடறக் கற்றபின், அதன் அணிகலனையும் புராணக் கதையையும் நீக்கிவிட்டு, எஞ்சும் உடலின் வடிவங்களை ஆராய்ந்தார். 1985இல் அவர் படைத்த ‘அங்கிகா’வில் பரதம், யோகம், களரிப்பயிற்று ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று உரையாடின. ஒரு கால் தரையில் ஊன்றும் முறையும், முதுகெலும்பு நிமிரும் முறையுமே அங்குக் கதை.

இத்தகைய ஆடல் பெரியவர்க்கே விளங்காது என்பர் சிலர். அது முழுமையான உண்மை அன்று. ‘இதற்கு என்ன பொருள்?’ என்று தேடித் தவிப்பவர் பெரியவர். குழந்தையோ மொழியைக் கற்பதற்கு முன்பே உடலைப் படிக்கக் கற்றுவிடுகிறது. தாயின் நடையைக் கொண்டே அவள் சினத்தை அறிந்துவிடுகிறது. ஆகவே கதை குறைந்த ஆடலைக் காண்பதில் குழந்தை சில வேளைகளில் பெரியவரினும் தேர்ந்த பார்வையாளர் எனலாம்.

தேன் தேடிச் சென்ற சிறுவன்

வங்கதேசப் பெற்றோர்க்கு இலண்டனில் 1974இல் பிறந்தவர் அக்ரம் கான். கதக் நடனத்தில் தேர்ந்து, பின்னர்த் தற்கால நடனத்தில் உலகப் புகழ் பெற்றார். தம் தந்தையின் நாட்டை நாடிச் செல்லும் உள்ளத்தைப் பற்றி 2011இல் ‘தேஷ்’ என்னும் தனிநடனத்தைப் படைத்தார். அதனைச் சிறார்க்கும் குடும்பத்தார்க்கும் உரியதாக மாற்றி அமைத்த வடிவமே ‘சோட்டோ தேஷ்’. சிறிய தாய்நாடு என்பது இவ்வங்கத் தொடரின் பொருள். சிறார் அரங்கில் தேர்ந்த சூ பக்மாஸ்டரின் இயக்கத்தில் 2015இல் அது அரங்கேறியது.

ஒரே ஓர் ஆடற்கலைஞர். ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த பொழுது. சமையற்காரராகிய தந்தை, அவர் சொற்படி நடக்க மறுத்து ஆட விரும்பும் மகன். தந்தையைக் காட்டக் கலைஞர் செய்வது எளிய செயல்: தலையைக் கவிழ்க்கிறார்; மழித்த உச்சந்தலையில் ஒரு முகம் வரையப்பட்டுள்ளது. கைகள் அதன் இருபுறமும் அசைய, குட்டையான ஒரு முதியவர் நம்முன் நிற்கிறார். குழந்தைகள் சிரிக்கின்றனர். பெரியவர்கள் சிரித்தபின் சற்றே அமைதியாகிவிடக் காரணம் உண்டு; மகனின் தலைக்குள்ளேயே தந்தை குடியிருக்கிறார் என்பது அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

ஆட்டத்தின் நடுவே பாட்டி சொல்லும் கதையாக ஒரு காடு விரிகிறது. கார்த்திகா நாயர் எழுதிய தேன் வேட்டைக் கதை அது. பசி மிக்க சிறுவன் ஒருவன், தேன் எடுக்கலாகாத காலத்தில் சுந்தரவனக் காட்டுக்குள் தேன் தேடிச் செல்கிறான். புலியுருக் கொண்ட காட்டின் காவல் ஆற்றலை எதிர்கொள்கிறான். மெல்லிய திரையில் வெண்கோடுகளால் மரங்களும் விலங்குகளும் வரையப்பட்டு அசைய, ஆடுபவர் அக்கோட்டு மரத்தின்மேல் ஏறுவதுபோல் ஆடுகிறார்.

கல்வராயன் மலைச் சிறுவர்க்கு இக்கதை அயலானது அன்று. பாறை இடுக்கிலும் மரக்கிளையிலும் தேனடை தேடுவது அவர்களின் மூத்தோர் அறிந்த தொழில். தேனை எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது என்னும் அறத்தையும் காடு சார்ந்து வாழ்வோர் அறிவர். தந்தை தொலைவில், மகன் வேறிடத்தில் என்னும் நிலையும் அவர்களுக்குப் புதிதன்று. வேலை தேடிப் பெற்றோர் பிற மாநிலங்களுக்குச் செல்ல, பிள்ளைகள் பாட்டியிடமோ விடுதியிலோ வளரும் குடும்பங்கள் மலையூர்களில் உள்ளன. இலண்டன் மேடைக்கு ஏற்ற கதை சேராப்பட்டுக்கு ஏற்காது என்று எவ்வாறு சொல்வது?

மருட்கையின் நான்கு வாயில்கள்

குழந்தைகளுக்கான ஆடல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். அவற்றுள் வியப்பைக் குறிக்கும் மருட்கைக்கு நான்கு களங்களை வகுக்கிறார். புதியதைக் காணுதல், மிகப் பெரியதைக் காணுதல், மிகச் சிறியதைக் காணுதல், ஒன்று மற்றொன்றாக ஆகுதலைக் காணுதல் என அவற்றை விளங்கிக்கொள்ளலாம்.

கூத்தின் கிரீடமும் படுகளத் துரியோதனனும் பெருமைக்குச் சான்று. உச்சந்தலையில் தோன்றிய குட்டைத் தந்தை சிறுமைக்குச் சான்று. இங்கே சிறுமை என்பது இழிவு அன்று, அளவு. கோடு மரமாவதும் உழவர் அரசராவதும் ஆக்கம். மேடைப் பொருள்களை நிறைப்பதைவிட, ஒரு பொருளைக் குழந்தையின் கண்முன்னே மற்றொன்றாக மாற்றுவதே மேலான கலை. ஒரு துணி ஆறாகவும் பிறகு பாம்பாகவும் பிறகு தாயின் முந்தானையாகவும் மாறுமாயின், அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் குழந்தை காண வேண்டும். மறைத்துச் செய்தால் அது கண்கட்டு வித்தையாகிவிடும்.

எட்டு மெய்ப்பாடுகளுள் சிறுவர் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இரண்டை மட்டுமே நாடுகின்றன: நகையும் உவகையும். அழுகையும் அச்சமும் குழந்தைக்கு ஆகா எனக் கருதுகிறோம். ஆனால் அவை குழந்தையின் வாழ்வில் நாள்தோறும் உள்ளன. அவற்றுக்கு வடிவம் தந்து, அளவு தந்து, முடிவும் தந்து காட்டுவதே ஆடலின் பணி.

செயல்முறையிலும் சில நுட்பங்கள் உண்டு. சிறார் நடனத்தில் அரங்கை முழுதும் இருளாக்குவதில்லை. ஒளியை மெல்லக் குறைப்பர். குழந்தைகளைத் தரையில் அமர்த்தி, ஆடுபவரின் மூச்சுக்காற்று கேட்கும் அண்மையில் வைப்பர். ஒலிபெருக்கியின் ஓசையைத் தாழ்த்துவர். ‘அது பூனை!’ என்று ஒரு குழந்தை உரக்கச் சொன்னால் அதனை இடையூறாகக் கொள்ளாமல், அக்குரலுக்கு இடம்விட்டு ஆடுவர். இவற்றுள் பெரும்பாலானவை கூத்துக்களத்தில் இயல்பாகவே உள்ளன என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

தெரிந்து தெளிவோம்

ஐ.நா. அவை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் கலை, பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்வதற்கும் குழந்தைக்கு உள்ள உரிமையை ஏற்கிறது. இந்தியா 1992இல் இதில் இணைந்தது. உலகச் சிறார் நாடக நாள் மார்ச் 20 அன்று கொண்டாடப்படுகிறது.

போட்டியும் களமும்

நம் பள்ளிகளில் ஆடல் இல்லாமல் இல்லை. 2022–23ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளி மாணவர்க்குக் கலைத் திருவிழா நடத்தப்பட்டு வருகிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிநிலைகளில் போட்டிகள் நிகழ்கின்றன. வென்றோர் கலையரசன், கலையரசி எனச் சிறப்பிக்கப்படுகின்றனர். மலையூர்ப் பள்ளியின் மாணவி மாநில மேடையில் ஏறுவதற்கு இது வழி திறந்துள்ளது. அதன் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது.

எனினும் போட்டி என்பது ஆடுவோரை வளர்க்கும், காண்போரை வளர்க்காது. நடுவர் ஒருபுறம், தம் முறைக்குக் காத்திருப்போர் மறுபுறம் என்னும் அமைப்பில், அமைதியாக அமர்ந்து ஓர் ஆட்டத்தை முழுதும் காண்பதற்கு யாருக்கும் பொழுதில்லை. பள்ளி ஆண்டு விழாக்களிலோ வேறு வகைச் சிக்கல். திரைப்பாடலின் காதல் அசைவுகளை எட்டு வயதுச் சிறுமி பிழையின்றிச் செய்து காட்டுகிறாள், நாமும் கைதட்டுகிறோம். அவளுடைய உடலுக்கு அவ்வசைவுகள் எதையும் சொல்லவில்லை. சங்கரதாசு சுவாமிகள் காலத்துச் சிறுவர் பெரியோரின் கதையை ஆடினர் என்றோம்; நூறு ஆண்டுகள் கடந்தும் அதனினும் மெலிந்த ஒன்றை நாம் ஆடச்செய்கிறோம் என்பதுதான் வருத்தத்திற்குரியது.

கல்வராயன் மலையில் இச்சிக்கல் சற்றுக் கூர்மையானது. இங்குள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கிப் பயில்கின்றனர். கல்விக்கு இது இன்றியமையாதது. ஆயினும், ஊரில் விழா நிகழும் இரவில் பிள்ளை விடுதியில் இருக்கிறது. பள்ளியில் விழா நிகழும் பகலில் பெற்றோர் காட்டிலோ வெளியூரிலோ இருக்கின்றனர். மூன்று தலைமுறை ஒரே பாயில் அமர்ந்து காண்பது அரிதாகிறது. ஓர் ஆட்டத்தைப் பிள்ளை தனியே கற்றுவிடலாம். பாட்டியின் அருகில் அமர்ந்து அவள் எவ்விடத்தில் கண்கலங்குகிறாள் என்பதைப் பார்த்துக் கற்கும் கல்வியை எந்தப் பாடத்திட்டத்தாலும் தர முடியாது.

இம்மலைக்குரிய சிறார் நடனம் ஒன்றை உருவாக்க விரும்புவோர்க்குக் கருப்பொருள் குறைவில்லை. மலைபடுகடாம் அடுக்கிய ஓசைகளுள் பல இன்றும் இங்கே கேட்கின்றன. மேகம், பெரியார் அருவிகளின் ஒலியை ஒரு மாணவர் குழு உடலால் காட்டலாம். உலக்கை விழும் தாளத்தை மற்றொரு குழு காட்டலாம். எழுவரோ ஒன்பதின்மரோ கைகோத்து ஆடுவதாக உரையாசிரியர் விளக்கும் குரவைக்கு மேடையும் வேண்டா, ஒலிபெருக்கியும் வேண்டா. ஆட்ட முறையை ஊர் மூத்தோரிடம் கேட்டறியலாம். அவ்வாறு கேட்கும்போது அவர்களைக் காட்சிப்பொருளாக நிறுத்திவிடாமல் ஆசிரியராக அமர்த்த வேண்டும். பாட்டையும் ஆட்டத்தையும் எங்கே ஆடலாம், எங்கே ஆடலாகாது என்று சொல்லும் உரிமை அவர்களுடையது. கோயிலுக்கென்று ஒதுக்கிய ஆட்டத்தைப் பள்ளி மேடையில் ஆடச் சொல்வது முறையன்று.

பழைய கூத்துப்போல் விடியவிடிய நிகழ்த்த இன்று இயலாது. இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இரவு முழுதும் ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தபோது, கூத்து அழிந்துவிடவில்லை. ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்னும் புதிய ஆக்கங்கள் பிறந்தன. முக்கால் மணி நேர ஆட்டம் மலைக்குப் போதும். காலம் மட்டும் கருதிப் பார்க்க வேண்டியது. மலைப்பாதையில் மாலைக்குப்பின் பேருந்து அரிது. தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் பெற்றோர் இருட்டுமுன் திரும்ப வேண்டும். எனவே, பெற்றோர் பிள்ளைகளைக் காண வரும் விடுமுறை நாளின் பிற்பகலே ஏற்றது. இடம், பள்ளி முற்றத்து மரநிழல். நாற்காலிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாய் கொண்டுவரச் சொன்னால் போதும்.